தலைமுடி உதிரும் நாட்கள்

வழமையாக இந்த நேரத்தில் வருமான வரியைப் பற்றிப் பேசி உங்களை அலுப்படிக்கிற நான், இன்று வேறொரு விடயத்தோடு வந்திருக்கிறேன். கடைசியில் வரியும் வரும், தப்ப முடியாது.

என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தபோது, நாலு பேருக்குத்தான் சொன்னோம். அது அவருடைய விருப்பம். ஆனால் கீமோதெரபி தொடங்கி இரண்டு மூன்று கிழமையில் முடி கொட்டத் தொடங்கினால் எப்படி ஒளிப்பது? "நான் சொல்ல முந்தி என்ர தலை சொல்லிப்போடும், தம்பி" என்றார். கோயில் நேர்த்திக்கு மொட்டை போட்டால் ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். இதற்குக் கேட்பார்கள். மருந்தை விட அந்தக் கேள்விக்குத்தான் அவர் பயந்தார். இதை வீண் கவலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேகமாகப் பெருகும் கலங்களை மருந்து தாக்குகிறது. முடி வேரின் கலங்களும் அப்படிப்பட்டவை. எல்லா மருந்துக்கும் உதிராது, சிலவற்றுக்கு மெலியும். புருவமும் போகலாம். தலையைக் குளிர்விக்கும் தொப்பி சிலருக்குப் பலன் தரும், சிலருக்குத் தராது. இரத்தப் புற்றுநோய்க்குப் பொதுவாகப் பாவிப்பதில்லை. முதல் மருந்து ஏற்றுவதற்கு முன்பே தாதியிடம் கேளுங்கள்.

இடுப்பளவு பின்னலை அக்கா தானே சொல்லித் தோளளவுக்கு வெட்டுவித்தார், பிறகு இன்னும் கட்டையாக. தலையணையில் நீள முடி கற்றையாகக் கிடப்பதைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. சொந்த முடி இருக்கும்போதே விக்கையும் தேர்ந்தால் நிறம் பொருந்தும். செயற்கை நார் விக் சூடு தாங்காது. அவணைத் திறக்கும் வெக்கையே போதும், முன்முடி பொசுங்கிவிடும். வடை சுடுகிறவர்கள் விக்கைக் கழற்றிவிட்டுப் பருத்தித் துணியைக் கட்டிக்கொள்ளுங்கள்.

இனி என் தொழில். இங்கே பிரித்தானியாவில், புற்றுநோய்ச் சிகிச்சையால் முடி இழந்தவர் விக் வாங்கும்போது வற் வரி கட்டத் தேவையில்லை. ஆனால் கடையிலேயே, வாங்கும்போதே, அதற்கான படிவத்தில் கையெழுத்திட வேண்டும். பிறகு திருப்பிக் கேட்க முடியாது. 20 வீதம் சின்னக் காசில்லை. என்.எச்.எஸ். விக் ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் இலவசம். இங்கிலாந்தில் 16 வயதுக்குக் கீழானோர், வைத்தியசாலையில் தங்கியிருப்போர், குறிப்பிட்ட சில உதவிப்பணம் பெறுவோர் ஆகியோருக்கு இலவசம். வருமானம் குறைந்த மற்றவர்கள் எச்.சி.1 படிவம் நிரப்பினால் முழுதாகவோ பகுதியாகவோ உதவி கிடைக்கலாம். படிவம் என்றதும் அகதி விண்ணப்பம் ஞாபகம் வந்து ஒதுங்குகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். இது ஹோம் ஒஃபிஸ் படிவம் அல்ல, துணிந்து நிரப்புங்கள்.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. "ஐயோ, எவ்வளவு முடி இருந்தது உனக்கு" என்று வாசலிலேயே தொடங்காதீர்கள். எவ்வளவு இருந்தது என்று அவருக்குத் தெரியும். சாப்பாடு கொண்டு போங்கள், அவர் சொன்னால் கேளுங்கள்.

சிகிச்சை முடிந்து மூன்று மாதத்தில் அக்காவுக்கு முடி முளைத்தது, நரையும் சுருட்டையுமாக. எங்கள் பரம்பரையிலேயே சுருட்டை கிடையாது. "அம்மம்மா, இது ஆற்ற முடி?" என்று பேரன் கேட்டான். சாயம் பூச இன்னும் கொஞ்சக் காலம் பொறுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.