எழுத்துக் கலையும் முதுகலைப் பட்டமும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் மாலை, என்னிடம் ஆங்கில இலக்கியம் பயின்ற மாணவி ஒருத்தி தன் தந்தையாருடன் என் இல்லத்திற்கு வந்தாள். அவள் கையிலே இருபத்தைந்து பக்கங்கள் கொண்ட ஒரு தாட்கட்டு இருந்தது. "ஐயா, அமெரிக்காவிலே கதை எழுதுவதற்கென்றே ஒரு முதுகலைப் படிப்பு இருக்கிறது. அதற்கு விண்ணப்பம் செய்ய விரும்புகிறேன். தாங்கள் ஒரு பரிந்துரைக் கடிதம் தர வேண்டும்" என்றாள். தந்தையார் நெசவுத் தொழில் செய்பவர். அதிகம் பேசாதவர். அவர் என்னைக் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "கதை எழுதுவதைக்கூடச் சொல்லிக் கொடுக்க முடியுமா, ஐயா? முடியும் என்றால் வீட்டை அடமானம் வைத்தாவது அனுப்பிவிடுகிறேன்."

அந்தக் கேள்விக்கு என்னால் உடனே விடை கூற இயலவில்லை. ஒரு குடும்பத்தின் கூரை அந்த விடையைப் பொறுத்திருந்தது. ஒரு வாரம் தவணை கேட்டேன். அந்த ஒரு வாரத்திலும் அதன் பின்னரும் நான் படித்து அறிந்தவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். உங்களுள்ளும் அந்தப் பெண்ணைப் போன்றவர் பலர் இருக்கக்கூடும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் எம்.ஏ. பட்டம் பெறுவது வேறு. படைப்பிலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெறுவது வேறு. முன்னது பிறர் எழுதியவற்றைக் கற்று, ஆராய்ந்து, மதிப்பிடும் பயிற்சி. பின்னது தாமே எழுதும் பயிற்சி. அமெரிக்காவிலே இதனை எம்.எஃப்.ஏ. என்பார்கள், பெரும்பாலும் 2 அல்லது 3 ஆண்டுப் படிப்பு. ஆராய்ச்சிக் கட்டுரைக்குப் பதிலாக ஒரு சிறுகதைத் தொகுதியையோ, நாவலையோ, கவிதைத் தொகுதியையோ மாணவர் இறுதியில் அளிக்க வேண்டும். விண்ணப்பம் செய்யும்போதே எழுத்தின் மாதிரி சில பக்கங்களை அனுப்ப வேண்டும். மதிப்பெண்களையும் பரிந்துரைக் கடிதங்களையும் பார்ப்பார்கள். ஆயினும் துலாக்கோலைச் சாய்ப்பவை அந்தச் சில பக்கங்களே.

இந்த ஏற்பாடு அமெரிக்க நாட்டின் நடுப்பகுதியிலே, சோளக் கொல்லைகள் சூழ்ந்த அயோவா மாநிலத்திலே வேரூன்றியது. அங்குள்ள பல்கலைக்கழகம், மேற்பட்டங்களுக்குப் படைப்பு நூல்களையும் ஆய்வேடாக ஏற்றுக்கொள்வதாக 1922ஆம் ஆண்டிலே அறிவித்தது. பால் எங்கிள் என்னும் மாணவர் 1932இல் ஒரு கவிதைத் தொகுதியை அளித்தே அங்கு முதுகலைப் பட்டம் பெற்றார். 1936இல் எழுத்தாளர் பட்டறை முறையாகத் தொடங்கப்பெற்றது. முதலில் வில்பர் ஷ்ராம் என்பவர் தலைமை தாங்கினார். பின்னர் 1941 முதல் ஏறத்தாழ 25 ஆண்டுகள் அதை வளர்த்தவர் அந்தப் பால் எங்கிளே. இரண்டாம் உலகப் போர் முடிந்து, போர்வீரர்கள் அரசாங்க உதவியுடன் கல்லூரிகளுக்குத் திரும்பிய காலத்திலே, ஆற்றங்கரையில் இருந்த இராணுவக் கொட்டகைகளிலே வகுப்புகள் நடந்தன. கட்டடத்தின் சிறப்பால் அந்தப் பட்டறை புகழ் பெறவில்லை என்பதை இதிலிருந்தே அறியலாம்.

பட்டறையிலே என்ன நடக்கிறது? ஒரு மாணவர் தம் கதையை முன்கூட்டியே அனைவருக்கும் கொடுத்துவிடுகிறார். மற்றவர் படித்துக் குறிப்பெழுதி வருகின்றனர். ஆசிரியர் முன்னிலையிலே அந்தக் கதையின் நிறைகுறைகள் பேசப்படுகின்றன. பழைய முறைப்படி, எழுதியவர் அந்நேரம் வாய் திறத்தல் ஆகாது. இவ்வாறு வாயடைத்து அமர்த்துவது முறைதானா என்று அண்மைக் காலத்தில் பலர் வினா எழுப்பியுள்ளனர். சில இடங்களில் முறையை மாற்றியும் விட்டனர். ஆயினும் இதன் கருத்து நமக்குப் புதியதன்று. ஒரு நூலைப் புலவர் அவையிலே அரங்கேற்றி, தடைகளுக்கு விடை கூறிய பின்னரே உலகிற்கு அளிப்பது நம் முன்னோர் மரபு. அவையிலே வரும் கருத்துகள் எல்லாம் பொன் என்று கொள்ளவும் வேண்டா. நன்னூலார் தலைமாணாக்கருக்கு அன்னத்தை உவமை கூறினார். பாலையும் நீரையும் பிரிக்கும் அந்த ஆற்றல் பட்டறை மாணவருக்கு மிகவும் வேண்டுவதாகும்.

1945இல், ஜார்ஜியா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 20 வயதுப் பெண் ஒருத்தி அயோவாவிற்கு வந்தாள். இதழியல் படிக்க வந்தவள், எழுத்தாளர் பட்டறையிலே சேர விரும்பிப் பால் எங்கிளைப் பார்க்கச் சென்றாள். அவளுடைய தென்னாட்டு உச்சரிப்பு அவருக்குச் சிறிதும் விளங்கவில்லையாம். சொல்ல வந்ததைத் தாளிலே எழுதிக் காட்டும்படி கேட்டார். தன் பெயரையும், தான் பத்திரிகையாளர் அல்லள் என்பதையும், பட்டறையிலே சேரலாமா என்பதையும் அவள் எழுதிக் காட்டினாள் என்று எங்கிள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அந்தப் பெண்தான் பிளானரி ஓ'கானர். 1947இல் சிறுகதைத் தொகுதி ஒன்றை அளித்துப் பட்டம் பெற்றார். 1952இல் அவருடைய முதல் நாவல் வெளிவந்தது. 1964இல், 39ஆம் வயதிலே நோயால் மறைந்தார். அவர் எழுதியதெல்லாம் பெரும்பாலும் அந்தத் தென்னாட்டு மண்ணைப் பற்றியே. எந்த நாவின் பேச்சு பிறருக்கு விளங்காமல் போயிற்றோ, அந்தப் பேச்சே அவர் எழுத்தின் செல்வமாயிற்று.

பல்கலைக்கழகங்கள் எழுத்தாளர்களை நசுக்கிவிடுகின்றனவா என்று அவரைப் பலர் கேட்பதுண்டாம். போதிய அளவு நசுக்கவில்லை என்பதே தம் கருத்து என்று அவர் விடை கூறினார்! இந்த நகைச்சுவைக்குள்ளே ஓர் உண்மை உண்டு. எழுத விரும்புவோர் எல்லாரையும் எழுத்தாளராக்கிவிடப் படிப்பால் இயலாது என்பதை அந்தப் படிப்பிலே தேறியவரே உணர்ந்திருந்தார்.

மார்கரெட் வாக்கர் என்னும் கறுப்பினப் பெண்மணியின் கதையும் நாம் அறிய வேண்டுவது. அவர் 1940இல் அயோவாவிலே கவிதைத் தொகுதி ஒன்றை அளித்து முதுகலைப் பட்டம் பெற்றார். அது 1942இல் யேல் பல்கலைக்கழகத்தின் இளங்கவிஞர் வரிசைப் பரிசினைப் பெற்று நூலாயிற்று. அவருக்குள்ளே மற்றொரு கதையும் இருந்தது. அடிமையாய் வாழ்ந்த தம் கொள்ளுப்பாட்டியைப் பற்றித் தம் பாட்டி சிறுவயதிலே சொல்லிய கதை அது. பல ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்து, மக்களை வளர்த்து, இடையிடையே அந்தக் கதைக்காக ஆவணங்களைத் தேடினார். மீண்டும் அயோவாவிற்கே வந்து 1965இல் அந்த நாவலையே ஆய்வேடாக அளித்து டாக்டர் பட்டம் பெற்றார். 'ஜூபிலி' என்ற பெயருடன் அது 1966இல் வெளிவந்தது. பாட்டி சொன்ன கதையை எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்குக் கொடுக்கவில்லை. அதை எழுதி முடிப்பதற்குரிய காலத்தையும் கண்டிப்பையும் பல்கலைக்கழகம் கொடுத்தது.

இங்கிலாந்திலே நாரிச் நகரிலுள்ள கிழக்கு ஆங்கிலியாப் பல்கலைக்கழகத்திலே 1970இல் மால்கம் பிராட்பரி, ஆங்கஸ் வில்சன் என்னும் எழுத்தாளர் இருவர் இத்தகைய ஓராண்டுப் படிப்பைத் தொடங்கினர். 1979இல் அங்குச் சேர்ந்தார் கசுவோ இஷிகுரோ. ஜப்பானிலே நாகசாகியிற் பிறந்து, 5 வயதிலே பெற்றோருடன் இங்கிலாந்திற்கு வந்தவர். பல்கலைக்கழகத்திற்கு அப்பால் ஒரு கிராமத்திலே சிறிய அறை ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தங்கினார். அந்த அறையின் தனிமையிலே அவர் எழுதத் தொடங்கியது, கண்முன் இருந்த இங்கிலாந்தைப் பற்றியன்று. குழந்தைப் பருவத்திலே விட்டுவந்த நாகசாகியைப் பற்றி! உடன் பயின்றோர் அவரை ஊக்கினர். அந்த எழுத்தே 1982இல் அவருடைய முதல் நாவலாயிற்று. 2017இல் நோபெல் பரிசு அவரை வந்தடைந்தது.

பட்டம் பெறாமலே பயன் பெற்றவரும் உண்டு. ரேமண்ட் கார்வர் இளமையிலேயே மணம் புரிந்து, இரு குழந்தைகளுடன் வறுமையில் உழன்றவர். 1950களின் இறுதியில் கலிபோர்னியாவில் சிக்கோ என்னும் ஊரின் கல்லூரியிலே ஜான் கார்டனர் என்பவரிடம் எழுதக் கற்றார். வீட்டிலே அமர்ந்து எழுத இடமில்லை என்பதை அறிந்த ஆசிரியர், தம் அலுவலக அறையின் சாவியை அவரிடம் கொடுத்தார். விடுமுறை நாட்களில் அங்கே அமர்ந்து கார்வர் எழுதினார். பின்னர் 1963இல் அயோவாவிற்குச் சென்றவர், படிப்பை முடிக்காமலே திரும்பினார். ஆயினும் சிறுகதை உலகிலே அவர் பெயர் நிலைத்துவிட்டது. அந்தச் சாவியைப் பற்றி நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. நல்ல ஆசிரியர் மாணவருக்குக் கொடுக்கக்கூடியது இவ்வளவுதான்: அமர ஓர் இடம், எழுதச் சிறிது காலம், படித்துக் குறை சொல்ல ஒரு கண்.

ஒரு வாரம் கழித்து அந்த மாணவியும் தந்தையாரும் மீண்டும் வந்தனர். அதற்குள் அவளுடைய இருபத்தைந்து பக்கங்களையும் இருமுறை படித்திருந்தேன். மொழி பிழையற்றிருந்தது. ஆனால் கதை முழுவதும் வெளிநாட்டு நகரம் ஒன்றிலே நடந்தது, பனி பெய்தது, கணப்படுப்பு எரிந்தது. "நீ பனியைப் பார்த்திருக்கிறாயா, அம்மா?" என்றேன். "இல்லை, ஐயா, படித்திருக்கிறேன்" என்றாள். பதினெட்டாம் பக்கத்தின் மூலையிலே மட்டும் நான்கு வரிகள் வேறு குரலிலே பேசின. விடியற்காலையிலே தெருவின் நீளத்திற்குப் பாவை நீட்டிக் கஞ்சி தோய்ப்பதும், திடீரென்று மழை தூறத் தெருவே ஓடிவந்து அதைச் சுருட்டுவதும் அதிலே இருந்தன. கதையிலே வரும் ஒருத்தி காணும் கனவாக அதை ஒளித்து வைத்திருந்தாள்!

தந்தையாரின் கேள்விக்கு நான் மறுகேள்வியே கேட்டேன்: "தாங்கள் பிள்ளைகளுக்குத் தறி வேலை சொல்லித் தருகிறீர்களே, எப்படிச் சொல்லித் தருகிறீர்கள்?" அவர் சிறிது எண்ணிவிட்டுக் கூறினார்: "தறியிலே உட்கார வைப்பேன், அறுந்த இழையைக் காட்டுவேன், தப்பாக நெய்தால் பிரிக்கச் சொல்லுவேன். கை அவனுக்கே வர வேண்டும், ஐயா." அவர் கேள்விக்கு அதுவே விடையாயிற்று. எழுத்துப் பட்டறையும் இவ்வளவே செய்யும். பாவும் ஊடையும் மாணவரே கொண்டுபோக வேண்டும்.

பணத்தைப் பற்றியும் அவரிடம் மறைக்காமல் கூறினேன். சில பல்கலைக்கழகங்கள் தேர்ந்தெடுத்த மாணவர்களுக்குக் கல்விக் கட்டணத்தை நீக்கி, முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலக் கட்டுரை கற்பிக்கும் பணியும் அதற்கு ஊதியமும் தருகின்றன. வேறு சில பெருந்தொகை வாங்குகின்றன. கதை எழுதிக் கடனை அடைத்தல் எந்நாட்டிலும் அரிது. எனவே கட்டணம் நீக்கும் இடங்களுக்கு மட்டுமே விண்ணப்பம் செய்க. வீட்டின் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும் என்றேன். கதைதான் எழுத வேண்டும் என்பதும் இல்லை. மொழிபெயர்ப்பிலே ஆர்வமுடையோருக்கு அயோவாவிலே அதற்கென்றே ஒரு முதுகலைப் பட்டம் உண்டு என்பதையும் கூறினேன்.

அவளுக்கு ஒரு நூலையும் கொடுத்தேன். அயோவாவிலே 1967இல் பால் எங்கிளும் ஹுவாலிங் நியேயும் பன்னாட்டு எழுத்தாளர் திட்டம் ஒன்றைத் தொடங்கினர். அது பட்டப் படிப்பன்று. பல நாட்டு எழுத்தாளர்கள் சில மாதங்கள் கூடித் தங்கும் ஏற்பாடு. 1973இல் அங்குச் சென்ற நம் அசோகமித்திரன், அந்த அனுபவத்தைக்கொண்டு தமிழிலே எழுதிய நாவலே 'ஒற்றன்'. அதைத்தான் அவள் கையிலே கொடுத்தேன். அயல்நாட்டுப் பனியையும் நம் கண்ணாலே பார்த்து நம் மொழியிலே எழுதலாம் என்பதற்கு அது சான்று.

அவள் பழைய பக்கங்களை ஒதுக்கிவிட்டு, அந்த நான்கு வரிகளிலிருந்து மீண்டும் தொடங்கினாள். முதலாண்டிலே விண்ணப்பித்த இடமெல்லாம் மறுத்துவிட்டன. மனம் தளர்ந்தாள், ஆனால் எழுதுவதை நிறுத்தவில்லை. மறு ஆண்டிலே ஓரிடத்திலிருந்து, கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்வதாக மடல் வந்தது. இம்முறை நான் எழுதிய பரிந்துரைக் கடிதம் மிகவும் சுருக்கமானது. இவள் தன் தெருவை அறிவாள். தவறாக நெய்ததைப் பிரிக்க அஞ்சாள் என்பதே அதன் சாரம்.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் அயல்நாடு சென்று இதனைக் கற்கலாம். பலர் செல்லாமலே இருக்கலாம். செல்லாதோர் வருந்த வேண்டா. ஒத்த மனமுடைய நால்வர் சேர்ந்து, ஒருவர் எழுதியதை மற்றவர் கூர்ந்து படித்து, அஞ்சாமல் குறை கூறி, அன்போடு நிறை கூறினால், நீங்கள் அமர்ந்திருக்கும் திண்ணையே பட்டறையாகும். செல்வோருக்கு ஒரு சொல்: பெட்டியிலே துணிமணிகளை அடுக்கும்போது உங்கள் தெருவையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். அங்கே அது விலைக்குக் கிடைப்பதில்லை.