ஜப்பானியப் புட்டிகளும் நம் முகமும்



ஜப்பானிய அழகுசாதனம் என்றாலே முதலில் விலைதான் கண்ணில் படும். உயர்ரகப் புட்டி ஒன்றின் காசில் ஒரு வீட்டு மளிகையையே வாங்கிவிடலாம். அப்படி அதில் என்னதான் இருக்கிறது என்று நானும் ஒரு முழு வரிசையைப் பூசிப் பார்த்தேன்.

இரவு வேலை எண்ணெயில் ஆரம்பிக்கிறது. உலர்ந்த முகத்தில் அதைத் தடவி, சன்ஸ்கிரீனும் கண்மையும் கரைந்தபின் ஈரக் கையால் தொட்டால், எண்ணெய் பாலாக வெளுத்துத் தண்ணீரோடு போய்விடுகிறது. ஒப்பனைக் கலைஞர் ஷூ உவேமுரா 1967இல் இந்த எண்ணெயைக் கடைக்குக் கொண்டுவந்தார். பிறகு நுரை. அதற்கும் பிறகுதான் இந்த முறையின் உயிர்நாடி: தண்ணீர் மாதிரியான ஒரு திரவம். அதைத் தேய்க்கக் கூடாது. உள்ளங்கையில் விட்டு, கன்னத்தில் வைத்து அழுத்த வேண்டும். கையை எடுக்கும்போது கன்னம் லேசாக ஒட்டிக்கொண்டு கூடவே எழும்பினால் ஈரம் போதும் என்று கணக்கு. 1872இல் டோக்கியோவின் கின்சா பகுதியில் மருந்துக்கடையாகத் தொடங்கிய ஷிசேடோ, 1897இலேயே யூடெர்மின் என்ற சிவப்புத் திரவத்தை இதற்காக விற்றது. எஸ்கே-டூ என்ற பிராண்டு விற்பதோ ஈஸ்ட் நொதித்த நீர். சாக்கே மது காய்ச்சுகிற கிழவர்களின் கை மட்டும் சுருங்காமல் இருந்ததாக ஒரு கதையும் கூடவே வரும். கதைக்கும் சேர்த்துத்தான் விலை!

பலன்? ஏ.சி. அறையில் காய்ந்து கிடந்த தோல் மிருதுவானது உண்மை. கண்ணோரத்து மெல்லிய கோடுகள் ஈரத்தில் சற்று மறைந்தன. கன்னத்து மங்கு அசையவே இல்லை.

அதில் ஏமாற்றமும் இல்லை. கரும்புள்ளிக்காகச் சேர்க்கிற கோஜிக் அமிலம், அர்புட்டின், டிரானெக்சாமிக் அமிலம் போன்றவற்றை ஜப்பானிய அரசு மருந்துக்கும் அழகுசாதனத்துக்கும் நடுவே தனி வகையாக வைத்திருக்கிறது. அவை மெலனின் உற்பத்தியைக் குறைத்துப் புதிய கரும்புள்ளிகள் வராமல் தடுக்கும் என்று விற்பவர்கள் சொல்லலாம். பிறவி நிறத்தை மாற்றும் என்று சொல்ல முடியாது. நம் ஊரில் சிவப்பழகு கிரீம் விற்ற விளம்பரங்களுக்கு இந்த அடக்கம் இருந்ததில்லை. மாநிறம் மாநிறமாகவே இருக்கட்டுமே, அதில் என்ன குறை?

சுருக்கத்தைச் சரிசெய்யும் என்று சொல்லிக்கொள்ள அங்கே முதலில் அனுமதி பெற்றது போலா கம்பெனியின் கிரீம். 2017இல் வந்தபோது 20 கிராம் டியூப் சுமார் 15,000 யென். அதே ஆண்டு ஷிசேடோ ரெட்டினால் கலந்த கிரீமுக்கும் அந்த அனுமதி வாங்கியது. அதன் விலை அப்போது போலாவின் விலையில் பாதிக்கும் கீழே.

என்னைக் கேட்டால், அத்தனை புட்டியிலும் காசுக்கு நியாயம் செய்வது சன்ஸ்கிரீன். மங்குக்கும் சுருக்கத்துக்கும் வெயில் பெரிய காரணம். யூவி-ஏ கதிரைத் தடுக்கும் அளவைக் காட்டும் பி.ஏ. குறியீட்டை 1996இல் கொண்டுவந்தவர்களும் ஜப்பானியர்களே. நம் மருந்துக்கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற டியூபிலும் அதன் பக்கத்தில் கூட்டல் குறிகளைப் பார்க்கலாம். நான்கு இருந்தால் உச்சம்.

விலையையும் பெயரையும் நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டாம். அரசு அனுமதி பெற்ற ரோடோடெனால் என்ற நிறமகற்றியைச் சேர்த்த கானெபோ குழுமத்தின் பொருள்கள் 2013 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டன. பூசியவர்களில் 19,000க்கும் மேற்பட்டோருக்கு முகத்திலும் கழுத்திலும் கையிலும் வெள்ளைத் திட்டுகள் விழுந்திருந்தன.

ஆகவே நேயர்களே, எண்ணெயும் திரவமும் பிடித்திருந்தால் மலிவான கம்பெனியிலேயே வாங்குங்கள். காலையில் சன்ஸ்கிரீனை மட்டும் விடாதீர்கள். எந்த கிரீமானாலும் சரி, பூசிய இடத்தில் எரிச்சலோ வெளுப்போ தெரிந்தால் அன்றே நிறுத்திவிட்டு, தோல் மருத்துவரிடம் அந்த டியூபையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.