ஒதுங்கி நிற்பதும் ஆற்றலே

(ஆலங்காயத்தில் நடைபெற்ற கல்விச் சங்க வெள்ளி விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

‘விளையாட்டும் கல்வியும்’ என்பது எமக்கு அளிக்கப்பெற்ற தலைப்பு. விளையாட்டினால் உடல் உரம் பெறும், உள்ளம் ஒழுங்கு பெறும் என்பதை நீங்கள் பலர் வாயிலாகவும் கேட்டிருப்பீர்கள். ஆதலின் அவற்றை விடுத்து, ஒரே ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு பேச விழைகின்றோம். பெரும் போட்டி ஒன்றை எதிர்நோக்கியிருக்கும் வீரர், அதற்கு முன் வரும் சிறு போட்டிகளைத் தாமாகவே தவிர்த்துவிடுகின்றாரே, அது அச்சமா, சோம்பலா, அறிவுடைமையா? இந்தக் கேள்வி நம் சமுதாயத்து இளைஞர்களின் வாழ்வை எவ்வாறு தொடுகின்றது? இவ்விரண்டுமே இன்று நாம் ஆராயப் புகுவன.

தை பிறந்துவிட்டால் நம் வட்டாரத்தில் எருது விடும் விழாக்கள் தொடங்கிவிடுகின்றன. காளை வளர்ப்போர் அறிவர்: ஒவ்வோர் ஊர் விழாவுக்கும் ஓய்வின்றி ஓட்டிச் செல்லப்படும் காளை, பெரிய பரிசு வைத்த ஊருக்குச் செல்லும்பொழுது கால் தளர்ந்து நிற்கும். வாயில்லா உயிருக்கு இந்த நியாயத்தை ஒப்புக்கொள்ளும் நாம், மனிதப் பிள்ளைக்கு ஒப்புக்கொள்கின்றோமா என்று எண்ணிப் பாருங்கள்.

ஈட்டி எறியும் வீரர் நீரஜ் சோப்ராவை அறியாத இளைஞர் இங்கு இரார். அரியானா மாநிலம் பானிப்பட் மாவட்டத்தில், காந்த்ரா என்னும் சிற்றூரில், உழவர் குடும்பத்தில் 1997-ஆம் ஆண்டு பிறந்தவர். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 87.58 மீட்டர் எறிந்து, தடகளத்தில் இந்தியாவுக்கு முதல் தங்கத்தைத் தேடித் தந்தவர். அவர் பெற்ற வெற்றிகளை நாடே கொண்டாடியது. அவர் எறியாமல் இருந்த நாட்களையோ எவரும் கொண்டாடுவதில்லை. நாம் இன்று அந்நாட்களைப் பார்ப்போம்.

2019-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவருக்கு முழங்கையில் அறுவை மருத்துவம் நடந்தது. அவ்வாண்டு உலகப் போட்டி அவருக்கு இல்லாமற் போயிற்று. அக்டோபரில் தேசிய அளவிலான போட்டி ஒன்றில் எறிய அவர் பெயர் கொடுத்திருந்தும், அவசரம் கூடாது என்று கருதித் தடகளக் கூட்டமைப்பு அவரை நிறுத்திவைத்தது. 2020 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் களம் இறங்கினார், 87.86 மீட்டர் எறிந்தார். ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார்.

2022 ஜூலையில் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் 88.13 மீட்டர் எறிந்து வெள்ளி வென்றார். அப்பொழுது இடுப்புக்கும் தொடைக்கும் இடைப்பட்ட தசையில் காயம் ஏற்பட்டது. அடுத்த சில நாட்களிலேயே பர்மிங்காமில் காமன்வெல்த் விளையாட்டு. தொடக்க அணிவகுப்பில் தேசியக் கொடி ஏந்திச் செல்ல வேண்டியவரும் அவரே. அந்தப் பெருமையையும் துறந்து விலகி நின்றார். ஆகஸ்டு இறுதியில் லொசானில் 89.08 மீட்டர் எறிந்து வென்றார். செப்டம்பரில் சூரிக்கில் டயமண்ட் லீக் வாகையும் சூடினார்.

2023-ஆம் ஆண்டு இன்னும் தெளிவான சான்று. மே மாதம் தோகாவில் 88.67 மீட்டர் எறிந்து ஆண்டைச் சிறப்பாகத் தொடங்கியவர், பயிற்சியில் தசை இழுத்துக்கொண்டதும், ஜூனில் நெதர்லாந்தில் நடந்த போட்டியையும் பின்லாந்தில் நடந்த போட்டியையும் விட்டுவிட்டார். ஆகஸ்டு 27 அன்று புடாபெஸ்டில் 88.17 மீட்டர் எறிந்து, தடகளத்தில் உலக வாகையரான முதல் இந்தியர் ஆனார். 

இதன் உட்பொருளை விளங்கிக்கொள்ள வேண்டும். ஆடவர் எறியும் ஈட்டி 800 கிராம் எடையுள்ளது. எடை பெரிதன்று, ஆனால் எறிபவர் விரைந்து ஓடிவந்து, ஒரே காலை முன்னே ஊன்றித் தம் உடலைத் திடீரென நிறுத்துகின்றார். அந்த ஓட்டத்தின் வேகம் முழுவதும் கால், இடுப்பு, தோள், கை என்று ஏறி ஈட்டிக்குள் செல்கின்றது. ஊன்றிய காலும் தொடையின் உட்புறத் தசையும் அந்த அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். பயிற்சியில் வேகத்தைக் குறைத்து எறியலாம். போட்டியில் ஆறு முறையும் முழு வலிமையையும் காட்டவே மனம் தூண்டும். ஆறாத தசை அங்கேதான் கிழிகின்றது.

பிற நாட்டிலும் பிற விளையாட்டிலும் இம்முறை உண்டு. பனித்தளத்தின்மேல் சறுக்கிக்கொண்டே நடனமாடும் போட்டி ஒன்று குளிர் நாடுகளில் பெயர்பெற்றது. அதில் 2010-இல் ஒலிம்பிக் தங்கம் வென்ற தென்கொரிய நங்கை கிம் யூனா, அடுத்த பருவத்தின் தொடக்கத்தில் நடைபெறும் கிராண்ட் பிரி தொடர் முழுவதையும் தவிர்த்தார்; 2011-இல் மாஸ்கோவில் நடந்த உலகப் போட்டிக்கு நேரே வந்து, மயிரிழையில் தங்கத்தைத் தவறவிட்டு வெள்ளி பெற்றார்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஒதுங்கி நின்றால் வெற்றி உறுதி என்று எவரும் கருதிவிடலாகாது. 2025-இல் நீரஜ் தோகாவில் 90.23 மீட்டர் எறிந்து, தம் வாழ்வில் முதன்முறையாக 90 மீட்டரைக் கடந்தார். பின்னர் ஆகஸ்டில் இரண்டு டயமண்ட் லீக் போட்டிகளைத் தவிர்த்தார். எனினும் செப்டம்பரில் டோக்கியோ உலகப் போட்டியில், முதுகு வலியோடு எறிந்து 84.03 மீட்டருடன் எட்டாம் இடமே பெற்றார். ஓய்வு வாய்ப்பைப் பெருக்குமேயன்றிப் பரிசைக் கையில் கொடுத்துவிடாது.

களப்பழக்கம் இல்லாதவர்க்கு ஒதுங்கல் உதவாது என்பதையும் அறிய வேண்டும். 1984 ஆகஸ்டு 8 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டத்தில் கேரளத்து பி. டி. உஷா 55.42 வினாடியில் ஓடி நான்காம் இடம் பெற்றார். வெண்கலம் வென்றவர் ஓடியது 55.41 வினாடியில். நூற்றில் ஒரு பங்கு வினாடி! தடை ஓட்டத்தில் அவர் முனைந்து இறங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. உலக அரங்கில் அதனை ஓடிப் பழகும் வாய்ப்பு மிகக் குறைவு. ஒலிம்பிக் கிராமத்தில் கஞ்சியும் ஊறுகாயும் உண்டு காலம் தள்ள நேர்ந்ததென்று பின்னாளில் அவரே கூறியுள்ளார். அவர் போட்டிகளைத் தவிர்த்தவர் அல்லர்; போட்டிகள் அவருக்குக் கிட்டாமற் போயின. தானே தவிர்ப்பதற்கும் கிட்டாமற் போவதற்கும் உள்ள வேறுபாடு, மலைக்கும் மடுவுக்கும் உள்ளதாகும்.

அன்பர்களே! இங்கேதான் நம் சமுதாயத்தின் கேள்வி எழுகின்றது. ஒதுங்கி நிற்பதற்கு யாரால் இயலும்?

நீரஜ் 2016-இலேயே இந்தியப் படையில் நாயிப் சுபேதாராகச் சேர்க்கப்பெற்றார். திங்கள்தோறும் ஊதியம் வந்தது. நடுவணரசின் ஒலிம்பிக் பதக்கத் திட்டம் வெளிநாட்டுப் பயிற்சிக்கும் மருத்துவத்துக்கும் துணைநின்றது. இரு போட்டிகளை விட்டுவிட்டால் வீட்டில் உலை கொதிக்காது என்னும் அச்சம் அவருக்கு இல்லை. அவர்தம் உழைப்பை இதனால் நாம் குறைத்து மதிக்கவில்லை. அந்த உழைப்பு வீணாகாமற் காத்த வேலி எது என்பதையே சுட்டுகின்றோம்.

அவரை 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் வென்ற பாகிஸ்தானியர் அர்ஷத் நதீமைப் பாருங்கள். கட்டட வேலை செய்த தொழிலாளியின் மகன். தொடக்க நாட்களில் அவர் பயிற்சிக்கும் பயணத்துக்கும் உறவினரும் ஊராரும் பொருள் திரட்டிக் கொடுத்தனர் என்று அவர் தந்தையே கூறினார். 2024-இல் முழங்கால் அறுவைக்குப் பின், ஒலிம்பிக்குக்கு முன்னர் அவர் கலந்துகொண்டது ஒரே ஒரு போட்டி. அதில் நான்காம் இடம். ஒலிம்பிக் களத்திலோ 92.97 மீட்டர் எறிந்து புதிய ஒலிம்பிக் சாதனை படைத்தார். 89.45 மீட்டர் எறிந்த நீரஜுக்கு வெள்ளி. ஓர் அரசு செய்யத் தவறியதன் ஒரு பகுதியை ஓர் ஊர் செய்தது. இதனை நம் சங்கத்தார் மனத்தில் பொறித்துக்கொள்ள வேண்டும்.

இனி நம் தெருவுக்கு வருவோம். காவலர் தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் இளைஞன் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அவன் விடியலில் சாலையில் ஓடுகின்றான். பகலில் வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ தோல் தொழிற்சாலைக்குச் செல்கின்றான். ஞாயிறுதோறும் பக்கத்து ஊரின் கபடிக்கும் ஓட்டத்துக்கும் அழைக்கப்படுகின்றான். பரிசுத் தொகை சில நூறு ரூபாய் வீட்டுக்கு உதவும். ‘வரமாட்டேன்’ என்றால் ‘பெரியவனாகிவிட்டாயோ’ என்று தோழர்களே ஏசுவர். தேர்வுக்குப் பத்து நாள் இருக்கையில் அவன் முழங்கால் வீங்குமானால், இழப்பது ஒரு விளையாட்டையா? ஒரு குடும்பம் தலைமுறை மாறிப் பெறவிருந்த அரசுப் பணியையன்றோ இழக்கின்றான்!

பெண்மக்களின் நிலை இன்னும் கடினம். மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு. பிப்ரவரியில் உறவினர் வீட்டுத் திருமணம், தம்பியைப் பார்த்துக்கொள்ளல், தண்ணீர் எடுத்தல், தாய்க்கு நோய் என்றால் அடுக்களை. இவற்றில் எதிலிருந்தும் ஒதுங்க அவளுக்கு உரிமை இல்லை. அவளுக்கு வேண்டிய முதல் உதவி, அந்த இரண்டு திங்களில் அவள் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் அண்ணனும் தந்தையுமே.

அண்ணல் அம்பேத்கர் வாழ்வில் இதற்குப் பேரொளி வீசும் சான்று உண்டு. பரோடா உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917-இல் இலண்டன் படிப்பை இடையில் நிறுத்தித் திரும்பினார். 1920 ஜனவரியில் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். மார்ச்சில் மாண்காவ் மாநாடு; அதனை அடுத்து நாக்பூர் மாநாடு. தலைமை அவரைக் கைநீட்டி அழைத்தது. அந்நிலையில்தான், 1920 ஜூலையில், எல்லாவற்றையும் விட்டு மீண்டும் இலண்டனுக்குக் கப்பலேறினார். கோல்ஹாப்பூர் மன்னர் சாகு மகராஜ் துணைநின்றார். பார்சி நண்பர் நவல் பத்தேனா கடன் கொடுத்தார். அன்னை இரமாபாய் பம்பாயில் வறுமையைத் தாங்கிக் குடும்பத்தைக் காத்தார். 1923-இல் வழக்கறிஞராக அண்ணல் திரும்பினார்; அவ்வாண்டிலேயே பொருளியல் முனைவர் பட்டமும் பெற்றார். 1924-இல் ஒதுக்கப்பட்டோர் நலச் சபை தோன்றியது. 1927-இல் மகத் குளத்தின் நீரைத் தம் மக்களோடு சென்று அருந்தினார். அந்த மூன்றாண்டு ஒதுங்கலை அன்று சிலர் குறை கூறியிருக்கலாம். ஆயினும் பின்னர் சட்ட மன்றங்களிலும் வட்டமேசையிலும் அவர் நின்ற நிலைக்கு அடித்தளம் இட்டவற்றுள் அதுவும் ஒன்று. அவர் ஒதுங்கி நிற்க மூவர் தோள் கொடுத்தனர் என்பதை மறவாதீர்.

ஆதலின் வெள்ளி விழாக் காணும் இச்சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது, தேர்வு எழுதுவோர்க்கும் தகுதி ஓட்டம் ஓடுவோர்க்கும், அதற்கு முந்திய 60 நாட்களுக்குக் குடும்பம் இழக்கும் கூலியில் ஒரு பகுதியேனும் சங்கம் ஈடுசெய்ய வேண்டும். பரிசளிப்பு விழாவில் தரும் சால்வையைவிட, தேர்வுக்கு முன் தரும் முட்டையும் பாலும் பயன் மிகுந்தவை.

இரண்டாவது, எந்தத் தேர்வை எழுதுவது, எதனை விடுவது என்று வழிகாட்ட, பணியில் இருக்கும் நம்மவர் சிலரைக் கொண்ட குழு வேண்டும். அறிவிப்பு வந்த தேர்வுகளுக்கெல்லாம் விண்ணப்பித்து, எதற்கும் முழுமையாகப் படிக்காமல் ஆண்டுகளைக் கழிக்கும் இளைஞர் பலர்.

மூன்றாவது, காயம் பட்டவனை ‘இன்று ஓடாதே’ என்று நிறுத்தும் அதிகாரம் பயிற்சி தருவோர்க்கு வேண்டும். நீரஜையே நிறுத்திவைத்தார்கள் என்றால், நம் பிள்ளையை நிறுத்துவது அவனுக்கு இழிவாகாது.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு சொல். ஒதுங்கி நிற்பதை உறங்கிக் கிடப்பதற்குச் சாக்காக்கிவிடாதீர்கள். மேலே காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேகம் மூடிய இரவில் தொலைநோக்கியின் குவிமாடத்தை அவர்கள் திறப்பதில்லை. ஈரத்திலிருந்து கண்ணாடியைக் காக்கின்றனர். ஆனால் கருவிகளைச் செம்மை செய்து, வானம் தெளிந்தவுடன் திறப்பதற்கு ஆயத்தமாக இருக்கின்றனர். அவ்வாறே நீங்களும் ஒரு போட்டியை விடும்பொழுது, எதற்காக விடுகின்றோம், அந்த நாளில் என்ன செய்யப் போகின்றோம், எந்த நாளில் திரும்புவோம் என்னும் மூன்றுக்கும் விடை எழுதி வையுங்கள். விடை இல்லையென்றால் அது ஒதுங்கல் ஆகாது, ஓட்டமே ஆகும். மாதிரித் தேர்வுகளை மட்டும் ஒருபோதும் விடாதீர்கள். களப்பழக்கம் இன்மையால் நூற்றில் ஒரு பங்கு வினாடியில் போன பதக்கத்தை நினைவிற் கொள்ளுங்கள்.

காலங்காலமாகப் பள்ளியிலிருந்தும் குளத்திலிருந்தும் கோயிலிலிருந்தும் பிறரால் ஒதுக்கப்பட்ட மக்கள் நாம். இன்று, உரிய காலத்தில் நாமே ஒதுங்கி நின்று, உரிய நாளில் முழு வலிமையோடு களம் புகும் உரிமையை நம் பிள்ளைகளுக்கு ஈட்டித் தருவோமாக. அந்தச் செலவை ஏற்கும் சங்கமாக இது பொன்விழாவை நோக்கி நடைபோடுக என வாழ்த்தி அமைகின்றோம்.