முழுப் படியையும் வாசிப்போம்



1977 வரை, மரபணு என்பது இடையறாது ஓடும் ஒரே வரி என்றுதான் அறிவியல் உலகம் நம்பியிருந்தது. பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் ஆகியோரின் குழுக்கள் அந்த நம்பிக்கையைத் தகர்த்தன. மரபணுவிலிருந்து செல் எடுக்கும் ஆர்.என்.ஏ. படியில் சில பகுதிகள் வெட்டப்பட்டு, மீதி ஒட்டப்படுகிறது. எதை வெட்டுவது என்பது திசுவுக்குத் திசு மாறலாம். ஆகவே ஒரு மரபணு, பல புரதங்கள்!

இப்படி வெட்டி ஒட்டுவது ஒரு மீனின் உடலையே மாற்றலாம். கடலில் வாழும் ஸ்டிக்கில்பேக் மீனுக்கு முதுகில் நீண்ட முட்கள். நன்னீரில் குடியேறிய அதன் உறவுகள் சிலவற்றுக்குக் குட்டை முட்கள். அதில் ஒரு பங்கு, எம்.எஸ்.எக்ஸ்.2ஏ என்ற மரபணுவின் படி வேறுவிதமாக வெட்டி ஒட்டப்படுவதால் வருகிறது என்று டேவிட் கிங்ஸ்லி குழுவினர் 2017-இல் காட்டினார்கள்.

அந்தப் படிகளை எப்படி வாசிக்கிறோம்? இங்கேதான் என் ஆதங்கம். ஒரு படியின் தொடக்கத்தில் 'அ' என்ற பகுதி வரலாம், அல்லது 'ஆ' வரலாம். முடிவில் 'இ' வரலாம், அல்லது 'ஈ' வரலாம். பழைய முறை, ஆயிரக்கணக்கான எழுத்துள்ள படியை நூற்றைம்பது எழுத்துத் துண்டுகளாகத்தான் வாசிக்கும். நான்கும் இருப்பது தெரியும். ஆனால் 'அ' சேர்ந்தது 'இ'யோடா, 'ஈ'யோடா? நறுக்கிக் கலந்த ஓலைச்சுவடியில் எந்த அடி எந்தப் பாட்டுக்குரியது என்று கேட்பது போன்றது அது. கணினி ஊகிக்கும்; ஊகம் சாட்சி ஆகாது.

மீனில் சிக்கல் இன்னும் பெரிது. முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, எலும்பு மீன்களின் பெருங்கூட்டமான டெலியோஸ்ட்களின் மூதாதையில் மரபுத்தொகுதி முழுவதுமே இரட்டித்தது. சால்மன் குடும்பத்தில் பிறகு இன்னொரு முறையும் இரட்டித்தது. இரட்டைப் பிள்ளைகளான மரபணுக்களில் இந்தத் துண்டு யாருடையது?

இந்தச் சிக்கலுக்கு விடையாக, பேக்பயோ, ஆக்ஸ்போர்டு நானோபோர் நிறுவனங்களின் கருவிகள் ஒரு படியை நுனிமுதல் அடிவரை ஒரே மூச்சில் வாசிக்கின்றன. நானோபோரில் ஆர்.என்.ஏ. இழையே நுண்துளை வழியே நகர, மாறும் மின்னோட்டம் எழுத்தைச் சொல்கிறது. ஆனால் ஆர்.என்.ஏ. விரைவில் சிதையும். திசுவை எடுத்த உடனே உறைய வைக்காவிட்டால், எவ்வளவு நல்ல கருவியும் சிதைந்த துண்டைத்தான் வாசிக்கும்.

உயிரியல் படிக்கும் பிள்ளைகளே, இந்தப் படிகளை வாசிக்க மீனை அறுக்கும் கையோடு கணினி நிரல் எழுதும் கையும் உங்களுக்கு வேண்டும். இரண்டையும் இந்த ஆண்டே பழகத் தொடங்குங்கள்!