பேர் போடாத அறிவு
(மாநாட்டுத் தலைமை உரை)

பேராதனையிலிருந்தும் பதுளையிலிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் வந்திருக்கும் ஆய்வாளர்களே, கடல் கடந்து கோத்தகிரியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் வந்திருக்கும் நண்பர்களே, மாணவச் செல்வங்களே, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தோட்டத்து அம்மாமாரே, அக்காமாரே!

நான் பிறந்த தோட்டத்து லயம் இந்த ஹட்டன் நகரிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. அங்கே கொழுந்துக் கூடை சுமந்த ஒருத்தியின் மகன் இங்கே ஓர் ஆய்வு மாநாட்டைத் தொடக்கிவைக்கிறான் என்பதில் எனக்குப் பெருமை உண்டு, பயமும் உண்டு. இந்த உரையை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். தந்த தலைப்புக்கும் நியாயம் செய்யவேண்டும், மனத்தில் பல ஆண்டுகளாகக் கிடப்பதையும் சொல்லவேண்டும். இரண்டும் இழுபட்ட இடத்தில் மனத்தின் பக்கம் போயிருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘பல்கலைக்கழக ஆய்வும் புத்தாக்கமும்: பிராந்திய ஒத்துழைப்பின் வழிகாட்டல்’ என்பது நமக்குத் தரப்பட்ட பொருள். இதன் அடிப்படைகளை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1952இல் பேராதனைக்குக் குடிவந்த பல்கலைக்கழகம் அருகில் இருக்கிறது. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டப் படிப்பு நடத்தும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையில் இருக்கிறது. 1925இல் சட்டத்தால் உருவான தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது, அது நூற்றாண்டைத் தொட்டுவிட்டது. ஆசிரியர்களை உருவாக்கும் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி பத்தனையில் இருக்கிறது. இவை கைகோர்க்க வேண்டும், ஆய்வுகூடங்களைப் பகிரவேண்டும், கம்பனிகள் நிதி தரவேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இராது. இன்றைய மூன்று அமர்வுகளும் அதை விரிவாகப் பேசும். நான் அமர்வுகளில் இடம்பெறாத ஒன்றைப் பேச விரும்புகிறேன்.

‘பிராந்தியம்’ என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது, 1992இல் அரச தோட்டங்களின் முகாமையைப் பொறுப்பேற்ற பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள். அதாவது, பிராந்தியம் என்பது மேலேயிருந்து கோடு போட்டுப் பிரிக்கப்பட்ட ஒன்று. நம் ஆய்வு ஒத்துழைப்பும் அப்படித்தான் நடக்கிறது. நிறுவனத்தோடு நிறுவனம் ஒப்பந்தம் செய்கிறது. மலையில் நிற்கிற மனிதர் அந்த ஒப்பந்தத்தில் ‘பயனாளி’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிப்போகிறார். அவரிடமும் அறிவு உண்டு என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

ஒரே ஒரு சொல்லை எடுத்துக்காட்டாகத் தருகிறேன். அரும்பு.

கொழுந்து எடுக்கும் பெண் மட்டக்கம்பைத் தேயிலைப் பந்தலின் மேல் கிடத்துகிறாள். கம்புக்கு மேலே எழுந்து நிற்கும் இரண்டு இலையும் மொட்டும் கூடைக்குப் போகும். கம்புக்குக் கீழே, இன்னும் முதிராமல் நிற்பது அரும்பு. அதை எடுத்தால் இன்றைய கூடை கொஞ்சம் கனக்கும், அடுத்த சுற்றில் அந்தச் செடியில் எடுக்க ஒன்றும் இராது. இந்த முடிவை அவள் ஒவ்வொரு செடியிலும், மழையில், சரிவில், அட்டை கடிக்க நின்றுகொண்டு, விரல் நுனியால் எடுக்கிறாள். தேயிலை ஆராய்ச்சியாளர்கள் கொழுந்தெடுப்பு பற்றி எழுதிய ஆங்கில அறிவுரைகளைப் புரட்டிப் பாருங்கள். அங்கே ஆங்கில எழுத்தில் ‘அரிம்பு’ என்றே இருக்கிறது. தாவரவியலுக்கு ஆங்கிலத்தில் சொல் பஞ்சமில்லை. இருந்தும் இந்தத் தமிழ்ச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார்கள், ஏனென்றால் அந்த வேறுபாட்டுக்குப் பெயர் வைத்திருந்தது லயத்துத் தமிழ். கவ்வாத்து, கங்காணி, கொழுந்து என்று தோட்டத்து ஆங்கிலத்துக்குள் போன சொற்கள் இன்னும் உண்டு. சொல்லை எடுத்துக்கொண்டார்கள், சொன்னவளை எடுத்துக்கொள்ளவில்லை.

இங்கே ஒரு பழைய வாதத்துக்கு வருகிறேன். 1915இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் என்பவர் தோட்டத் துரைமாருக்காக ‘கூலித் தமிழ்’ என்ற கையேட்டைக் கொழும்பில் வெளியிட்டார். இது ஆதிக்கத்தின் கருவி, ஏவலும் அதட்டலும் நிறைந்தது, இதை ஆய்வுக்கு ஆதாரமாகக் கொள்வது நம் முன்னோரை இரண்டாம் முறை அவமதிப்பதாகும் என்று என் மதிப்புக்குரிய நண்பர்கள் சிலர் பல மேடைகளில் வாதிட்டு வந்திருக்கிறார்கள். அவர்களுடைய கோபத்தை நான் மதிக்கிறேன். அது ஆதிக்கத்தின் கருவி என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆய்வாளர் மு. நித்தியானந்தன் 2014இல் தம் நூலுக்கே ‘கூலித் தமிழ்’ என்று பெயரிட்டு அந்த ஆதிக்கத்தின் முகத்தைத் தெளிவாகக் காட்டிவிட்டார்.

ஆனால் நண்பர்களே, அடிக்கிறவன் எழுதிவைத்த புத்தகத்திலும் அடிபட்டவனின் சொல் இருக்கிறது. பிரட்டுக்களம், கான் வெட்டு, முள்ளுக்குத்து, துண்டு என்று நம் மக்கள் தங்கள் தொழிலைக் குறித்த சொற்களை நம் பண்டிதர்கள் கொச்சை என்று ஒதுக்கிய காலத்தில், துரைமார் தங்கள் தேவைக்காகவேனும் இப்பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். அந்தக் கையேட்டின் ஏவல் வாக்கியங்களைத் திருப்பிப் படித்தால், ஏவப்பட்டவர் எதை அறிந்திருந்தார் என்பது தெரியும். எந்தக் கானை, அதாவது வடிகாலை, எப்படி வெட்டுவது என்று துரை கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தால், அந்த அறிவு யாரிடம் இருந்தது? ஆதாரத்தை எரிப்பதால் அவமானம் அழியாது. அதற்குள் கிடக்கும் அறிவுதான் அழியும்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் இந்தச் சொற்களைத் தோட்டம் தோட்டமாகத் திரட்டும் ஒரு திட்டத்தை எழுதி ஓர் உயர்கல்வி நிறுவனத்திடம் கொடுத்தேன். மொழியியல் பக்கம் ‘இது விவசாயம்’ என்றார்கள். விவசாயப் பக்கம் ‘இது நாட்டார் வழக்காறு’ என்றார்கள். கோப்பு இரண்டு கட்டடங்களுக்கிடையில் ஓராண்டு நடந்தது, பிறகு நின்றுவிட்டது. அந்த இடைவெளியில் என் பட்டியலில் இருந்த பெரியவர்கள் பலர் காலமானார்கள். அவர்களோடு போன சொற்களை எந்த நிதியும் இனி மீட்டுத் தராது.

இன்னொரு தரப்போடும் எனக்கு வழக்கு உண்டு. அது என் சொந்த இலக்கியத் தரப்பு. மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் முதல் நாடாளுமன்றத்துக்குப் போன சி. வி. வேலுப்பிள்ளை மலை மலையாக ஏறி மக்கள் பாடல்களைத் திரட்டினார். அவர் மறைந்த பின் 1987இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ நூலாக வந்தது. அவர் வழியில் எழுத்தாளர் சாரல் நாடன் வாய்மொழி இலக்கியத்தை ஆராய்ந்தார். இருவருக்கும் பல்கலைக்கழக நாற்காலி இருந்ததில்லை. நாம் என்ன செய்தோம்? அந்தப் பாடல்களில் கண்ணீரை மட்டும் எண்ணினோம். ஆய்வேட்டுக்கு ஆய்வேடு ‘துயரம்’ என்று தலைப்பிட்டோம். துயரம் உண்மை, அதை மறுப்பவன் மலையகத்தான் அல்லன். ஆனால் பாடியவர்கள் அழுதவர்கள் மட்டுமல்லர், வேலை தெரிந்தவர்கள். பருவமும் கருவியும் நிறுவையும் அவர்கள் பாட்டில் இருக்கின்றன. அவற்றைப் படிக்க ஒரு தமிழ் மாணவரும் ஒரு விவசாய மாணவரும் ஒரே மேசையில் உட்காரவேண்டும். பிராந்திய ஒத்துழைப்பு முதலில் அந்த மேசையில் தொடங்கட்டும்.

ஒத்துழைப்பால் ஆகக்கூடியது எவ்வளவு என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. இலைசுருட்டிப் புழு தேயிலையைத் தின்று தீர்த்த காலத்தில், அதன் முட்டைக் குவியல்களைத் தோட்டத்து ஆட்கள் கையால் பொறுக்கி எடுப்பது ஒரு முக்கிய வழியாக இருந்தது. 1935, 36இல் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற சிறு குளவியைக் கொண்டுவந்து மலைகளில் விட்டார்கள். அது புழுவுக்குள் முட்டையிட்டு அதை அழித்தது. ஒரு துளி நஞ்சில்லாமல் புழு அடங்கியது. பிற்பாடு தண்டு துளைக்கும் வண்டுக்காக டீல்ட்ரின் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தபோது குளவியும் சேர்ந்து செத்தது, இலைசுருட்டிப் புழு மறுபடி கிளம்பியது. ஜாவாவோடு கைகோர்த்துப் பெற்ற வெற்றியை ஒரு மருந்துப் பீப்பாய் குலைத்தது. சுருண்ட இலை மறுபடி கூடையில் வரத் தொடங்கியதை முதலில் கண்டிருக்கக்கூடியவர்கள் அந்தக் கூடையைச் சுமந்தவர்கள்தாம். அவர்கள் கண்டதைக் கேட்டு எழுதிக்கொள்ள அன்று ஓர் ஏடு இருந்திருந்தால் என்ற கேள்வி என்னை விடுவதில்லை.

2021ஐ நாம் மறக்கவில்லை. இரசாயன உரத்தை அரசு ஒரே நாளில் தடை செய்தது. விஞ்ஞானிகளைக் கேட்கவில்லை என்று நாம் எல்லோரும் சரியாகவே கொதித்தோம். ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடிக்கு இறங்கியது. தெரிந்தவரைக் கேட்காமல் முடிவெடுத்தால் என்ன நடக்கும் என்று அன்று நமக்கு உறைத்தது. அதே நியாயத்தை நமக்குக் கீழே நிற்பவர்களுக்கும் நாம் தரவேண்டாமா?

கடைசியாக, கோத்தகிரி, கூடலூர் நண்பர்கள் வந்திருப்பதால் சொல்கிறேன். இலங்கையும் இந்தியாவும் 1964இல் செய்த ஒப்பந்தம் நம் மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அப்படிப் போனவர்களுக்காக 1968இல் தமிழ்நாடு தொடங்கிய டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் இன்றும் அவர்கள் பிள்ளைகள் கொழுந்தெடுக்கிறார்கள். அண்ணன் இங்கே, தம்பி அங்கே. செடி ஒன்று, கை ஒன்று, பேச்சு ஒன்று. வால்பாறையில் உபாசி என்ற தோட்டக்காரர் சங்கத்தின் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, தலவாக்கலையில் நம் நிலையம் இருக்கிறது. இரண்டு மலைகளிலும் தேயிலைத் தொழிற்சொற்களைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் திரட்டும் ஒரு கூட்டு அகராதியை இந்த மாநாட்டின் முதல் தீர்மானமாக முன்மொழிகிறேன். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில், அதைச் சொன்னவர் இசைந்தால், அவர் பெயரும் இருக்கவேண்டும். கள ஆய்வு செய்யும் மாணவர் தம் முடிவை அதே தோட்டத்துக்குத் திரும்பிப்போய்த் தமிழில் படித்துக்காட்டிய பின்பே பட்டம் பெறவேண்டும் என்பது என் இரண்டாவது முன்மொழிவு.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். கங்காணி செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறித்தால் பேர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். என் அம்மா மாத முடிவில் விரல்விட்டு எண்ணியது அந்தப் பேர்களைத்தான். பின்வரிசையில் இருக்கும் அம்மாமார் இன்றைய வேலையை விட்டுவிட்டு நம் அழைப்பை ஏற்று வந்திருக்கிறார்கள். செக்ரோலில் அவர்களுக்கு இன்று பேர் விழாது. முதல் அமர்வில் அரும்பைப் பற்றி முதலில் அவர்கள் பேசட்டும். குறிப்பெடுக்கும் மாணவர்களே, ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு, பிழையில்லாமல், மாநாட்டு ஏட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

மாநாட்டைத் தொடக்கி வைக்கிறேன்.