பெட்டியில் இருந்த விளக்குகள்

(ஏரலில் கூடிய மருத்துவமனை ஆதரவாளர்களுக்கு எங்கள் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இந்த மாலையில் ஒரு சிறிய பொருளைக் குறித்துப் பேச விரும்புகிறோம். உள்ளங்கையில் அடங்குகிற பேட்டரி லைட்டும், அதற்குள் போடுகிற சார்ஜ் செல்லும்தான் அது. இதற்காகவா எங்களைக் கூட்டினீர்கள் என்று நினைக்க வேண்டாம். உங்களிடம் நாங்கள் சொல்லாமல் விட்ட ஒரு காரியம் உண்டு. அதைச் சொல்லாமல் இனி ஒரு காணிக்கையையும் கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை.

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமையை ஏரல் மக்களுக்கு நாங்கள் நினைப்பூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. நம் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுவதும் பெய்யும் மழையைவிட அது அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய்ச் சுமார் 800 பயணிகள் சிக்கித் தவித்தார்கள். தாமிரபரணி கரையை மீறி வந்து, இந்த ஊர்க் கடைத்தெருவைத் தண்ணீரில் மூழ்கடித்தது. ஆற்றுப்பாலம் சேதமடைந்து போக்குவரத்து நின்றது. மின்சாரமும் இல்லை, போனும் இல்லை. உங்களில் பலர் மாடியில் நின்றுகொண்டு விடியலுக்காகக் காத்திருந்தீர்கள்.

அந்த இரவில் எங்கள் மருத்துவமனையில் ஜெனரேட்டர் அறைக்குள் தண்ணீர் புகுந்தது. நள்ளிரவுக்குப் பிறகு வார்டுகள் யாவும் இருண்டுபோயின. மெழுகுவர்த்தி ஏற்றலாமே என்று கேட்பீர்கள். ஆக்ஸிஜன் ஓடுகிற இடத்தில் தீக்குச்சி கிழிக்கக் கூடாது என்பது ஆஸ்பத்திரியில் முதல் நாள் கற்றுத் தருகிற பாடம். அப்போதுதான் ஸ்டோர் ரூமில் இருந்த பெட்டி எங்கள் நினைவுக்கு வந்தது.

2021-ஆம் வருஷத்து அறுப்பின் பண்டிகையில் உங்களில் சிலர் 12 சார்ஜ் லைட்டுகள் வாங்கி அனுப்பினீர்கள். பின்பக்கம் பிளக் நீட்டிக்கொண்டு வருகிற விளக்குகள். நாங்கள் நன்றிக் கடிதம் எழுதினோம். பெட்டியைப் பத்திரமாகப் பூட்டி வைத்தோம். அதன் சாவியும் எங்களிடமே இருந்தது. அந்த இரவில் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தோம். பத்து விளக்குகள் எரியவே இல்லை. இரண்டு மங்கலாக எரிந்து சில நிமிஷங்களில் அணைந்தன. கொடுத்தவர்களின் அன்பில் குறை இல்லை, விளக்கிலும் குறை இல்லை. இரண்டு வருஷமாக ஒருவரும் அவற்றைச் சார்ஜ் போடவில்லை. அந்த வேலையை இன்னார் செய்ய வேண்டும் என்று நாங்கள் ஒருவரிடமும் ஒப்படைக்கவில்லை. இதுவே நாங்கள் உங்களிடம் அறிக்கை செய்ய வேண்டியது.

அதே நேரத்தில் பிரசவ அறையில் ஒரு தாய் வேதனையில் இருந்தாள். அங்கே வெளிச்சம் தந்தது எங்கள் வார்டு உதவியாளர் ஒருவருடைய சொந்த லைட். விரல் நீளம்தான் இருக்கும், ஒரே ஒரு பென்சில் செல் போடுவது. வாழைத் தோட்டத்துக்கு இரவில் தண்ணீர் திருப்பப் போகிறவர் அவர். பூச்சி பொட்டுக்குப் பயந்து எப்போதும் பையில் லைட் வைத்திருப்பார். நான்கு சார்ஜ் செல்கள் வாங்கி, 1, 2, 3, 4 என்று பேனாவால் எண் போட்டு, சனிக்கிழமைதோறும் சார்ஜ் போட்டு வைப்பது அவருடைய வழக்கம். எவரும் சொல்லித் தந்ததல்ல.

குழந்தை பிறந்தது, பெண் குழந்தை. பிரசவம் ஆனவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை என்று நம் நர்ஸம்மாமார் அறிவார்கள். இரத்தப்போக்கைக் கண்ணால் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும். நச்சுக்கொடி முழுவதும் வந்ததா என்று திருப்பிப் பார்க்க வேண்டும். தையல் போட வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் ஒருவர் அந்தச் சிறு விளக்கை அசையாமல் பிடித்திருந்தார். விடிவதற்குள் மூன்று செல்கள் மாற்றப்பட்டன. நான்காவது செல் எரிந்துகொண்டிருக்கும்போதுதான் கிழக்கு வெளுத்தது. தாயும் பிள்ளையும் சுகமாக வீடு திரும்பினார்கள்.

மறுநாள் புதுச் செல் வாங்கக் கடை ஏது? கடைகள் தண்ணீருக்குள் இருந்தன. போர்ட்டிகோவின் மேட்டில் நின்ற ஆம்புலன்ஸில் போன் சார்ஜ் பண்ணுகிற துளை இருந்தது. உதவியாளருடைய சார்ஜர் அதில் பொருந்துகிற வகை. இன்ஜினை அவ்வப்போது ஓடவிட்டு நான்கு செல்களையும் பகலில் சார்ஜ் ஏற்றினோம். அடுத்த இரவும், அதற்கடுத்த இரவும் அதே நான்கு செல்கள்தான். சாதா செல்லாக இருந்திருந்தால் முதல் இரவோடு அவை குப்பை.

பிரியமானவர்களே, இதிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டவற்றை உங்கள் வீடுகளுக்கும் பயன்படும்படி சொல்லுகிறோம்.

முதலாவது, அந்தப் பன்னிரண்டு விளக்குகள் ஏன் செத்துப்போயின? அவற்றுக்குள் இருந்தது ஈய பேட்டரி, ஸ்கூட்டர் பேட்டரியின் சிறிய தம்பி. சார்ஜ் இறங்கிய நிலையில் அதை மாதக்கணக்கில் வைத்தால் உள்ளே ஈயத் தகடுகளின்மேல் சல்பேட் உப்பு கெட்டியாகப் படிந்துவிடும். பிறகு சார்ஜ் போட்டாலும் ஏறாது. இந்த வகை விளக்கை உபயோகித்தாலும் உபயோகிக்காவிட்டாலும் மாதம் ஒருமுறை சார்ஜ் போட வேண்டும். பேட்டரி போய்விட்டால் அநேகமாக விளக்கே போனதுபோல்தான், ஏனென்றால் உள்ளே இருப்பதைக் கழற்றி மாற்றுவது எல்லோராலும் ஆகிற காரியமல்ல. செல் போடுகிற விளக்கில் அந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது, இவ்வளவு சிறிய விளக்கு எப்படி இவ்வளவு வெளிச்சம் தருகிறது? நம் தகப்பன்மார் இரண்டு மூன்று பெரிய கட்டைகள் போட்ட தகர டார்ச்சுகளை வைத்திருந்தார்கள். அதில் எரிந்தது இழை பல்பு. மின்சாரத்தில் பெரும்பங்கு சூடாகவே போய்விடும். எல்.இ.டி.யில் சூடு குறைவு, வெளிச்சம் அதிகம். நீல நிற எல்.இ.டி.யைச் செய்வதுதான் நெடுங்காலம் கடினமாக இருந்தது. அதைச் சாதித்த ஜப்பானில் பிறந்த அகசாகி, அமானோ, நகமுரா என்ற மூவருக்கு 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நீல ஒளியின்மேல் மஞ்சள் ஒளி தருகிற ஒரு பூச்சைப் பூசினால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. உங்கள் கையிலிருக்கும் லைட்டை அணைத்துவிட்டு உள்ளே பாருங்கள், அந்த மஞ்சள் பொட்டு தெரியும்.

மூன்றாவது, சார்ஜ் செல்லில் 1.2 வோல்ட் என்றும் சாதா செல்லில் 1.5 வோல்ட் என்றும் போட்டிருக்கிறது, அது போதுமா என்று பலர் கேட்கிறார்கள். சாதா செல் 1.5 வோல்ட்டில் தொடங்கினாலும் எரிய எரிய இறங்கிக்கொண்டே போகும், வெளிச்சமும் கூடவே மங்கும். நிக்கல் சார்ஜ் செல் ஏறக்குறைய முடிவுவரைக்கும் 1.2 வோல்ட்டிலேயே நிற்கும். வெள்ளை எல்.இ.டி.க்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும். ஒற்றைச் செல் லைட்டுகளில் வோல்ட்டை உயர்த்திக் கொடுக்கிற சிறு சர்க்யூட் இருப்பதால் சார்ஜ் செல் நன்றாகவே பொருந்தும். மூன்று செல் போடுகிற மலிவான லைட்டில் 4.5 வோல்ட்டுக்குப் பதில் 3.6 வோல்ட் கிடைக்கும். முதலில் சற்று மங்கலாகத் தெரிந்தாலும் நெடுநேரம் ஒரே சீராக எரியும். ஆனால் ஒரு எச்சரிப்பு உண்டு. சாதா செல் மங்கி மங்கி, நான் போகப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகும். சார்ஜ் செல் அதிகம் சொல்லாது, சடுதியில் அணையும். ஆகையால் மாற்றுச் செல் எப்போதும் பையில் இருக்க வேண்டும்.

நான்காவது, சார்ஜ் செல் எல்லாம் ஒன்றல்ல. பழைய நிக்கல் செல் சும்மா இருந்தாலே தானாகச் சார்ஜ் இறங்கிவிடும். நம் ஊர் வெயிலில் ஒரு மாதத்திலேயே கணிசமாக இறங்கியிருக்கும். 2005-இல் ஜப்பானின் சான்யோ நிறுவனம் எனலூப் என்ற பெயரில் ஒரு புது வகையைக் கொண்டுவந்தது. ஒரு வருஷம் சும்மா வைத்திருந்தாலும் பெரும்பங்கு சார்ஜ் அதில் நிற்கும். இன்று வேறு கம்பெனிகளும் அந்த வகையைச் செய்கின்றன. வாங்கும்போதே சார்ஜ் ஏற்றப்பட்டது என்று உறையில் போட்டிருக்கும். அவசரத்துக்கு வைக்கிற விளக்குக்கு இதையே கேட்டு வாங்குங்கள். விலை சாதா செல்லைவிடப் பல மடங்குதான், ஆனால் நூற்றுக்கணக்கான தடவை சார்ஜ் ஏற்றலாம்.

ஐந்தாவது, சில விலக்குகள். பழையதையும் புதியதையும், சாதாவையும் சார்ஜ் செல்லையும் ஒரே லைட்டில் கலந்து போடாதீர்கள். வலுத்த செல் மெலிந்த செல்லைக் கெடுத்துவிடும். சாதா செல்லைச் சார்ஜரில் போடாதீர்கள், அது கசியும், வெடிக்கவும் கூடும். சாதா செல்லை லைட்டுக்குள்ளேயே வருஷக்கணக்கில் விட்டுவைத்தால் உள்ளிருக்கும் காரம் கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். பென்சில் செல்லின் அதே அளவில் 3.7 வோல்ட் லித்தியம் செல் ஒன்றும் கடையில் விற்கிறது. அதற்கென்று செய்யப்படாத லைட்டில் அதைப் போட்டால் லைட் எரிந்துபோகலாம். வாங்கும்போது வோல்ட்டை வாசித்துப் பாருங்கள். வெள்ளத்தில் நனைந்த லித்தியம் பேட்டரியைக் காயவைத்துச் சார்ஜ் போடாதீர்கள். வீட்டுக்கு வெளியே ஒதுக்கி வையுங்கள். செத்த செல்லைக் குப்பையோடு கொளுத்தாதீர்கள். பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற வேண்டிய பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு என்று 2022-ஆம் வருஷத்து மத்திய அரசு விதிகள் சொல்லுகின்றன.

இப்போது உங்கள் காணிக்கையைக் குறித்து. வெள்ளத்துக்குப் பிறகு நீங்கள் அனுப்பியவற்றில் ஒரு பங்கைக்கொண்டு ஒவ்வொரு வார்டுக்கும் இரண்டு சிறு லைட்டுகளும், ஒவ்வொரு லைட்டுக்கும் மூன்று செல்களும் வாங்கியிருக்கிறோம். ஒன்று லைட்டுக்குள், ஒன்று கையிருப்பில், ஒன்று சார்ஜரில். ஆம்புலன்ஸில் பொருந்துகிற சார்ஜர்களும், மொட்டை மாடியில் வைக்க ஒரு சிறிய சோலார் தகடும் உண்டு. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒரு நாற்பது பக்க நோட்டு. சனிக்கிழமைதோறும் எந்தச் செல் சார்ஜ் ஏற்றப்பட்டது என்று எழுதி, ஏற்றினவர் கையெழுத்துப் போடுகிறார். அந்த வேலைக்கு ஒருவர் பொறுப்பு. அவர் யாரென்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். ஐப்பசி பிறக்கும் முன் ஒரு இரவு வார்டு விளக்குகளை அணைத்து, எல்லா லைட்டுகளையும் எரித்துச் சோதித்துப் பார்க்கிறோம். பெட்டிச் சாவி இப்போது எங்களிடம் இல்லை, பெட்டிக்குப் பூட்டும் இல்லை.

பத்துக் கன்னிகைகளின் உவமையைப் பல வருஷங்களாகப் பிரசங்கித்திருக்கிறோம். அதில் ஒரு காரியம் எங்களுக்கு எப்போதும் நெருடலாகவே இருந்தது. புத்தியுள்ள அந்தப் பெண்கள் தங்கள் எண்ணெயில் கொஞ்சம் கொடுத்திருக்கலாமே, ஏன் மறுத்தார்கள் என்று. செமினரியில் படித்த விளக்கங்கள் எங்களைத் திருப்திப்படுத்தவில்லை. அந்த டிசம்பர் இரவில் பிரசவ அறை வாசலில் நின்றபோது விளங்கிற்று. அடுத்த வார்டிலிருந்து ஒரு நர்ஸம்மா ஓடிவந்து, ஐயா, அந்த லைட்டைக் கொஞ்சம் தாருங்கள் என்று கேட்டாள். கொடுக்க முடியவில்லை. கொடுத்திருந்தால் இங்கே ஒரு தாய் இருட்டில் கிடந்திருப்பாள். கல்நெஞ்சத்தால் மறுக்கவில்லை. அந்த வேளையில் பகிர்ந்துகொள்ள முடியாத ஒன்று அது. பகிர்ந்துகொள்ளும் காலம் அதற்கு முந்தின இரண்டு வருஷங்கள், அதை நாங்கள் பூட்டி வைத்திருந்தோம்.

அடுத்த வார்டில் அந்த இரவில் ஒரு தீங்கும் நேரவில்லை. அது எங்கள் ஆயத்தத்தினால் அல்ல, கிருபையினால்.

ஆகவே இன்று உங்களிடம் புது விளக்கு கேட்க வரவில்லை. இன்று வீட்டுக்குப் போனதும் அலமாரியிலிருக்கும் அந்த லைட்டை எடுத்து ஒருமுறை அழுத்திப் பாருங்கள். எரிந்தால் ஸ்தோத்திரம் செலுத்துங்கள். எரியாவிட்டால் இரவோடு இரவாகச் சார்ஜ் போடுங்கள். தனியாக இருக்கிற பக்கத்து வீட்டுப் பாட்டியின் லைட்டையும் வாங்கிப் பாருங்கள்.

நீங்கள் கொடுத்த அந்தப் பன்னிரண்டு விளக்குகளுக்காக எங்களை மன்னியுங்கள். இனி நீங்கள் கொடுப்பது எரிந்துகொண்டிருக்கும்.