பணமில்லை என்பது பதிலல்ல



பள்ளிக்கூட வாசலில் நிற்கும் குழந்தையைப் பார்த்து, "உனக்கு இங்கே இடமில்லை" என்று ஓர் அரசாங்கம் சொல்லலாமா? செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலே சொன்னார்கள். 1970-இல் அந்நாட்டின் ஊனமுற்ற குழந்தைகளில் ஐந்தில் ஒருவருக்குத்தான் பள்ளிகளில் கல்வி கிடைத்தது. கண் தெரியாதவர், காது கேளாதவர், மனவளர்ச்சி குன்றியவர் என்று பிரித்துப் பல மாநிலங்களில் சட்டமே அவர்களை வெளியே நிறுத்தியது.

இந்த அநீதி தானாக ஒழிந்ததா? இல்லை. கறுப்பினக் குழந்தைகளைத் தனிப் பள்ளியில் ஒதுக்குவது செல்லாது என்று 1954-இல் பிரவுன் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஊனமுற்ற குழந்தைகளின் பெற்றோர் அதையே ஆயுதமாக எடுத்துக்கொண்டு கோர்ட்டுப் படி ஏறினர். 1971-இல் பென்ஸில்வேனியாவில் வெற்றி கண்டனர். மறு ஆண்டு தலைநகர் வாஷிங்டனில் மில்ஸ் வழக்கு. அங்கே 22,000 ஊனமுற்ற குழந்தைகளில் 18,000 பேர் வரை தனிக்கல்வி வசதியின்றி விடப்பட்டிருந்தனர். "பணமில்லை" என்றது கல்வி வாரியம். நீதிபதி வாடி அதை ஏற்கவில்லை. இருக்கிற பணத்தை எல்லோருக்கும் நியாயமாகப் பங்கிட வேண்டும். பற்றாக்குறையின் பாரத்தை ஊனமுற்ற குழந்தையின் தலையில் அதிகமாகச் சுமத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தார்.

அரசாங்க உதவி பெறும் எந்த நிறுவனமும் ஊனமுற்றோரை ஒதுக்கக் கூடாது என்று 1973-இல் சட்டம் வந்தது. ஆனால் அதன் விதிகளில் கையெழுத்திடாமல் நான்கு ஆண்டுகள் இழுத்தடித்தார்கள். 1977 ஏப்ரலில் ஸான்பிரான்ஸிஸ்கோ அரசாங்கக் கட்டடத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஊனமுற்றோரும் ஆதரவாளரும் புகுந்து உட்கார்ந்தனர். ஏறக்குறைய 25 நாட்கள் அசையவில்லை! கருஞ்சிறுத்தைக் கட்சியினர் உணவு சமைத்துக் கொண்டுவந்தனர். மெஷினிஸ்ட் தொழிற்சங்கத்தார் வாஷிங்டன் சென்ற தூதுக்குழுவுக்கு வாகனம் தந்து உதவினர். ஏப்ரல் 28-இல் மந்திரி கலிபானோ கையெழுத்திட்டார்.

இதற்கிடையில், 1975-இல், ஊனமுற்ற குழந்தை ஒவ்வொன்றுக்கும் இலவசமான, தகுந்த கல்வி என்ற சட்டமும் பிறந்திருந்தது. ஒரு மாணவனுக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவிகிதம் வரை மத்திய அரசாங்கம் தரும் என்று அதில் எழுதினார்கள். இன்றுவரை எந்த ஆண்டிலும் அந்த அளவை எட்டவில்லை. குறையும் பணத்துக்காக மாநிலமும் ஊர்ப் பள்ளியும் திண்டாடுகின்றன; குழந்தைக்காகப் பெற்றோர் மீண்டும் கோர்ட்டுக்கு நடக்கிறார்கள்.

தோழர்களே! 1972-இல் கோர்ட்டு தள்ளிய அதே "பணமில்லை", இன்று பட்ஜெட் வடிவில் திரும்பி வருகிறது. உரிமையைச் சட்டத்தில் எழுதவைத்தது மக்களின் ஒற்றுமை. அதற்குரிய பணத்தை வாங்கித் தரப்போவதும் அதே ஒற்றுமைதான். இதை நாம் மறவாதிருப்போம்!